ரெண்டு ஸ்க்ரூவா, மூணா, பிளேட்டா? கணுக்கால் ஃப்யூஷன் பத்தி வாசகர் கேள்வி பதில்

தேய்ஞ்சு போன கணுக்கால் மூட்டை எலும்போட எலும்பா ஒட்ட வெச்சு வலியை நிறுத்துற ஆபரேஷன் பத்தி போன இதழ்ல சின்னதா எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல பெரும்பாலானது ஒரே விஷயத்தைத்தான் சுத்தி சுத்தி கேக்குது, உள்ள வெக்கிற ஸ்க்ரூ, பிளேட், ராடு இதுல எது ஸ்ட்ராங், எத்தனை வெச்சா தாங்கும்னு. ரொம்ப நியாயமான கேள்வி, ஆஸ்பத்திரியில இதை உக்காந்து விளக்க யாருக்கும் நேரம் இருக்கிறதில்ல. அதனால இந்த தடவை முழுசும் அதுக்கே.

அப்பாவுக்கு 58 வயசு. பல வருஷம் முன்னாடி பைக்ல விழுந்து வலது கணுக்கால் உடைஞ்சுது, இப்போ நாலடி நடந்தாலே வீங்கிடுது. மூணு டாக்டர்கிட்ட காட்டினோம், மூணு பேருமே ஃப்யூஷன்தான்னு சொல்றாங்க. ஆனா ஒருத்தர் ரெண்டு ஸ்க்ரூ போதும்ங்கிறார், ஒருத்தர் மூணுங்கிறார், இன்னொருத்தர் முன்பக்கமா பிளேட்டும் போடுவேன்ங்கிறார். யாரை நம்புறது டாக்டர்? (வாசகி, ஈரோடு)

மூணு பேரும் சரியா சொல்லியிருக்கவே வாய்ப்பு அதிகம்மா. முழங்கால் மாதிரி இல்லாம கணுக்கால்ல தேய்மானம் வர்றதுக்கு பெரும்பாலும் பழைய அடிதான் காரணம், அப்பா கேஸ் அந்த வகைதான், எங்ககிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் இப்படித்தான்.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கோங்க. முழங்காலுக்கு கீழ இருக்கிற பெரிய எலும்பு டிபியா, அதுக்கு அடியில உக்காந்திருக்கிறது டேலஸ். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மிச்சம் மீதி குருத்தெலும்பை சுரண்டி எடுத்துட்டு, ரத்தம் கசியிற பச்சை எலும்பா ஆக்கி, ஒண்ணோட ஒண்ணு நல்லா அழுத்தி வெச்சு, அது ஒட்டுற வரைக்கும் ஆடாம பிடிச்சுக்கத்தான் இந்த உலோகம் எல்லாம். ஒட்ட சுமார் மூணு மாசம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட ஆகும். ஒட்டினதுக்கப்புறம் பாரத்தை எலும்பே தாங்கிக்கும், ஸ்க்ரூ சும்மா உள்ள இருக்கும். அதனால வாழ்நாள் முழுக்க தாங்குமாங்கிற கவலையை விட்டுடுங்க, அந்த சில மாசம் அப்பாவோட எலும்புல அது ஆடாம நிக்குமாங்கிறதை மட்டும் பாருங்க.

இப்போ ஸ்க்ரூ. ரெண்டு பலகையை ஒரே ஒரு ஆணி அடிச்சு சேர்த்தா பிரியாது, ஆனா அந்த ஆணியையே அச்சா வெச்சு சுத்தும், ரெண்டாவது ஆணி அடிச்சாதான் சுத்துறது நிக்கும். கணுக்கால்லயும் ஒரே ஒரு ஸ்க்ரூ போடாததுக்கு காரணம் இதுதான், பாதம் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிறதால படுக்கையில புரண்டு படுத்தாலே மூட்டுல ஒரு முறுக்கு விழும். ரெண்டு ஸ்க்ரூவை எக்ஸ் மாதிரி குறுக்கா போட்டா, பக்கத்துல பக்கத்துல இணையா போடுறதை விட முறுக்கை நல்லா தாங்கும்னு 1994ல செஞ்ச சோதனைகள் காட்டுச்சு. ஆனா எங்க குறுக்கிடுதுங்கிறது முக்கியம், ரெண்டும் சரியா மூட்டுக் கோட்டுலயே சந்திச்சுக்கிட்டா அந்த இடத்துல ரெண்டும் ஒரே புள்ளி ஆயிடுது, முறுக்கை தடுக்கிற அகலம் போயிடுது, அதனால அதுக்கு மேலயோ கீழயோ சந்திக்கிற மாதிரி போடணும். அதே சமயம் இணை ஸ்க்ரூவுக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு. ஒரே திசையில இருக்கிறதால ஒண்ணை முறுக்கும்போது இன்னொண்ணு தடுக்காது, ரெண்டுமே எலும்பை நெருக்கும். குறுக்கு ஸ்க்ரூல முதல்ல போட்டதுதான் நெருக்குற வேலையை செய்யுது, அடுத்தது அந்த நிலையை பூட்டி வெக்குது.

மூணாவது ஸ்க்ரூ? அதே 1994ல டொரொண்டோல ஓகில்வி-ஹாரிஸ் குழு ரெண்டு குறுக்கு ஸ்க்ரூவையும் மூணு குறுக்கு ஸ்க்ரூவையும் வெச்சு ஒப்பிட்டு பார்த்தாங்க, மூணு போட்டா அழுத்தமும் கூடுது, முறுக்கு தாங்குறதும் கூடுதுன்னு தெளிவா வந்துச்சு. பொதுவா அந்த ஸ்க்ரூல ஒண்ணு டிபியாவோட பின்பக்கத்துலருந்து கிளம்பி டேலஸோட கழுத்து வரைக்கும் நீளமா போகும். எனக்கு பிடிச்ச ஸ்க்ரூ அது. முன்பாதத்துல பாரம் விழும்போது மூட்டோட பின்பக்கம்தான் வாய் திறக்கப் பாக்கும், அந்த இடத்தையே இழுத்து பிடிக்கிறது அதுதான்.

முன்பக்க பிளேட்டோட கதை வேற. வெறும் ஸ்க்ரூவோட ஒரு முன் பிளேட்டையும் சேர்த்தா என்ன ஆகும்னு 2007ல சோதனை பண்ணி எழுதினாங்க. முன்னும் பின்னும் வளையிறதை எதிர்க்கிற விறைப்பு மூணு மடங்குக்கு மேல கூடுச்சு, பக்கவாட்டுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, முறுக்குல ஒண்ணரை மடங்குக்கு கொஞ்சம் கம்மி. கேக்க பிரமாதமா இருக்கு, ஆனா பிளேட் போட முன்பக்கம் பெருசா திறக்கணும், அந்த இடத்துல தோல் மெல்லிசு, அடியில தசை கிடையாது, தசைநாரும் ரத்தக்குழாயும் நரம்பும்தான், காயம் ஆறாம போச்சுன்னா அது தனிப் பெரும்பாடு. அப்பாவுக்கு ஏற்கனவே பழைய தழும்பு இருக்கு, பழைய பிளேட் உள்ள இருந்தா அதையும் எடுக்கணும், இதையெல்லாம் அவர் காலை நேர்ல பாக்குற டாக்டர்தான் எடை போட முடியும்.

என் கருத்து கேட்டீங்கன்னா, எலும்பு கெட்டியா இருந்து, கோணல் பெருசா இல்லாம, சுகர் சிகரெட் எதுவும் இல்லாதவங்களுக்கு சரியா போட்ட ரெண்டோ மூணோ ஸ்க்ரூவே போதும், நான் மூணு பக்கம் சாய்வேன். எலும்பு மெலிஞ்சிருந்தா, ஒரு பக்கம் எலும்பே குறைஞ்சிருந்தா, முன்னாடி ஒரு தடவை ஒட்டாம போயிருந்தா, அங்கதான் பிளேட்டுக்கு வேலை. மூணு டாக்டர்கிட்டயும் "அப்பாவோட எலும்பு எப்படி இருக்கு, கோணல் எத்தனை டிகிரி, எந்த கோணத்துல ஒட்ட வெக்கப் போறீங்க"ன்னு கேளுங்க. பாதம் தரைக்கு நேரா, குதிகால் சுமார் 5 டிகிரி வெளிப்பக்கமா, விரல் பக்கம் 5லருந்து 10 டிகிரி வெளியே திரும்பினாப்புல, இதுதான் வழக்கமா எல்லாரும் குறி வெக்கிற நிலை. பாதம் கீழ நோக்கி ஒட்டிடுச்சுன்னா நடக்கும்போது முழங்கால் பின்னாடி தள்ளப்படும், அப்புறம் முழங்கால்ல வலி வரும். எத்தனை ஸ்க்ரூங்கிறதை விட இந்த கோணம்தான் பின்னாடி வாழ்க்கையை தீர்மானிக்கும்.

நான் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்ல இருக்கேன். ஸ்க்ரூ தடிமனை கூட்டிட்டா பிரச்சனை தீர்ந்திடாதா? அப்புறம் இந்த சோதனைகளை எப்படி பண்றாங்க? (வாசகர், சேலம்)

உங்க துறைக்காரங்க இல்லாம எங்க துறை ஒரு அடி நகராது சார், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

தடிமன் கூடினா வளையாத தன்மை விட்டத்தோட நாலாவது அடுக்குல கூடும்னு உங்களுக்கே தெரியும். கணுக்கால்ல வழக்கமா 6.5 மிமீலருந்து 7.3 மிமீ வரைக்கும் போடுறோம், சிலருக்கு அதை விட சின்னதோ பெருசோ. இதுல கவனிக்க வேண்டியது, வெளி விட்டம் எலும்பை கவ்வுறதுக்கு, நடுத்தண்டோட விட்டம் முறியாம இருக்கிறதுக்கு. ஸ்பாஞ்சு எலும்புக்குன்னு, அதாவது உள்பக்கம் பஞ்சு மாதிரி துளைத்துளையா இருக்கிற எலும்புக்குன்னு, செஞ்ச பழைய 6.5 மிமீ ஸ்க்ரூவோட மரை பகுதியில நடுத்தண்டு 3 மிமீதான், மரை அவ்வளவு ஆழம். ஆனா ஸ்க்ரூ முறியிறது பெரும்பாலும் முதல்ல நடக்கிற தோல்வி கிடையாது, ஸ்க்ரூவை சுத்தி இருக்கிற எலும்பு நொறுங்கி ஸ்க்ரூ தளர்றதுதான் முதல்ல. அப்போ உலோகத்தை எவ்வளவு தடிமனாக்கினாலும் பயன் ஒரு எல்லை வரைக்கும்தான், அதோட டேலஸ் ஒரு சின்ன எலும்பு, அதோட மேற்பரப்புல பாதிக்கு மேல குருத்தெலும்பு மூடியிருக்கும், எந்த தசையும் அதுல ஒட்டுறதில்ல, ரத்தம் உள்ள போற வழிகளே கம்மி. அதுல மூணு தடி ஸ்க்ரூ போட்டா ஒட்ட வேண்டிய எலும்புல ஒரு பங்கை உலோகமே பிடிச்சுக்கும்.

அழுத்தம் எப்படி வருதுங்கிறதையும் சொல்லணும். பாதி மரை இருக்கிற ஸ்க்ரூ போடுறோம், மரை முழுசும் மூட்டுக் கோட்டை தாண்டி அடுத்த எலும்புல இருக்கணும், அப்போதான் தலை ஒரு எலும்பை தள்ள மரை இன்னொண்ணை இழுக்க ரெண்டும் நெருங்கும். மரையில ஒரு சுத்து கோட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாலும் ரெண்டு எலும்பையும் இருந்த இடைவெளியிலயே பிடிச்சு வெச்சுடும், நெருக்காது. 16 மிமீ மரை, 32 மிமீ மரைன்னு ரெண்டு நீளம் வெச்சிருக்கிறது இதுக்குத்தான், டேலஸ் உயரம் கம்மியா இருந்தா 32 மாட்டிக்கும்.

சோதனை எப்படின்னா, தானமா கிடைச்ச கால்கள்லயோ பாலியூரித்தேன் நுரையில செஞ்ச செயற்கை எலும்புலயோ ஃபிக்ஸ் பண்ணி, டெஸ்டிங் மெஷின்ல மாட்டி முன்பின், பக்கவாட்டு, முறுக்கு மூணு திசையிலயும் சுமை குடுத்து எவ்வளவு விலகுதுன்னு அளப்பாங்க. கம்ப்யூட்டர்ல ஃபைனைட் எலிமென்ட் மாடல், அதாவது எலும்பை சின்ன சின்ன துண்டா பிரிச்சு கணக்கு போடுற மாதிரி, போட்டும் பண்ணியிருக்காங்க, 2003, 2004 வாக்குல வந்த அப்படியான ஆய்வுகள்ல எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது ஒண்ணு இருக்கு: மூட்டோட இயற்கையான வளைவை அப்படியே வெச்சு குருத்தெலும்பை மட்டும் எடுத்தா, ரம்பத்தால தட்டையா வெட்டுறதை விட ஆட்டம் கம்மி. டேலஸோட மேல்பக்கம் குவிஞ்சிருக்கு, டிபியா குழிஞ்சிருக்கு, ரெண்டு பக்கமும் கணு எலும்பு இருக்கு, அந்த வடிவமே முறுக்கை பாதி தடுக்குது. தட்டையா வெட்டினா கோணலை சரி பண்றது சுலபம், ஆனா அந்த இயற்கைப் பூட்டை இழந்துடுறோம், காலும் கொஞ்சம் குட்டையாகும். ஆர்த்ரோஸ்கோப் வழியா, அதாவது சின்ன துளையில கேமரா விட்டு, பண்ற ஃப்யூஷன்ல வளைவு கெடாம இருக்கிறது ஒரு பெரிய அனுகூலம், சுத்தியிருக்கிற சதையும் கலையாது.

ஆனா சார், இந்த சோதனை எல்லாமே ஆபரேஷன் முடிஞ்ச அந்த நிமிஷத்தோட நிலையை மட்டும்தான் அளக்குது. செத்த எலும்பு ஒட்டாது, அதுல ரத்தம் ஓடாது, ஸ்க்ரூ ஓரத்துல எலும்பு கரையிறதோ புதுசா வளர்றதோ கிடையாது. நிறைய பேப்பர்ல ஒரே ஒரு தடவை சுமை குடுத்து நிறுத்திடுவாங்க, நிஜத்துல ஆயிரக்கணக்கான சின்ன சின்ன அசைவு வந்துக்கிட்டே இருக்கும், தளர்றது அதுலதான். அதனால மெஷின்ல முப்பது பர்சன்ட் விறைப்பு கூடினா ஆளுக்கு முப்பது பர்சன்ட் நல்லா ஒட்டும்னு கணக்கு போடவே கூடாது. கம்பெனி பிரதிநிதிங்க கொண்டு வர்ற வண்ண வரைபடங்களை பாக்கும்போது இளம் டாக்டர்கள் இதை ஞாபகம் வெச்சுக்கணும்னு நான் எப்பவும் சொல்லுவேன்.

எனக்கு ஃப்யூஷன் பண்ணி மூணு வாரம் ஆகுது, மூணு ஸ்க்ரூ. மாவுக்கட்டு போட்டிருக்கு. வலியே இல்ல. ஆறு வாரம் காலை ஊனவே கூடாதுங்கிறாங்க. இவ்ளோ பெரிய ஸ்க்ரூ போட்டுட்டு எதுக்கு இந்த கண்டிப்பு? பாத்ரூம் வரைக்கும் மெதுவா ஊனிட்டு போனா என்ன ஆகும்? (வாசகர், மதுரை)

தயவு செஞ்சு போகாதீங்க தம்பி. வலி இல்லைங்கிறது எலும்பு ஒட்டிடுச்சுங்கிறதுக்கு அடையாளமே கிடையாது.

கணக்கை பாருங்க. நடக்கும்போது கணுக்கால் மூட்டு மேல உடம்பு எடையைப் போல சுமார் அஞ்சு மடங்கு சுமை வரும், ஏன்னா குதிகால் நரம்பு, அதாவது அக்கிலிஸ் தசைநார், இழுக்கிற இழுப்பும் சேர்ந்துக்குது. 70 கிலோ ஆளுக்கு முன்பாதத்துல நின்னா மூட்டுலருந்து அந்த இடம் ஒரு 12 செமீ தள்ளி இருக்குன்னு வெச்சுக்கிட்டாலும் 80 நியூட்டன் மீட்டருக்கு மேல ஒரு வளைக்கிற விசை வந்துடும். அதை இப்போதைக்கு வாங்கிக்கிறது மூணு ஸ்க்ரூவும் அதை கவ்வியிருக்கிற ஸ்பாஞ்சு எலும்பும் மட்டும்தான்.

இதை விட முக்கியமான இன்னொரு விஷயம் இருக்கு. சுவிட்சர்லாந்துல ஸ்டீஃபன் பெர்ரன்னு ஒரு ஆராய்ச்சியாளர், எலும்பு எவ்வளவு அசைவை பொறுத்துக்கும்னு ஒரு கோட்பாடு சொன்னார். இடைவெளி எவ்வளவு, அதுல அசைவு எவ்வளவு, அந்த விகிதம்தான் கணக்கு. ஆரம்பத்துல உருவாகிற மெத்துன்னு இருக்கிற திசு தன் நீளத்துக்கு சமமா இழுபட்டாலும் தாங்கும், குருத்தெலும்பு மாதிரியானது 10 சதவீதம் வரைக்கும், ஆனா கெட்டி எலும்பு 2 சதவீதம்தான் பொறுக்கும். அதுக்கு மேல அசைஞ்சா அந்த இடத்துல எலும்பு உருவாகவே முடியாது, நார்த் திசுதான் வரும். இப்போ உங்க கால்ல ரெண்டு எலும்பையும் இறுக்கி ஒட்டினாப்புல வெச்சிருக்காங்க, இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு இருக்கும்னு வெச்சுக்கோங்க, அதே பத்துல ஒரு பங்கு அசைஞ்சாலும் விகிதம் 100 சதவீதம் ஆயிடுது. கண்ணுக்கே தெரியாத அசைவு அது, கட்டுக்குள்ள நீங்க உணரவே மாட்டீங்க. இவ்வளவு நெருக்கமா வெச்சிருக்கிறதாலதான் ஆட்டம் சுத்தமா கூடாதுங்கிறாங்க.

மாவுக்கட்டும் ஸ்க்ரூவோட கூட்டாளிதான், பாதமும் கெண்டைக்காலும் ஒண்ணா அசையிறதால முறுக்கு ஸ்க்ரூ வரைக்கும் போறது குறையுது. சில இடங்கள்ல, எலும்பு நல்லா இருந்து ஃபிக்ஸேஷன் உறுதியா அமைஞ்சவங்களை சீக்கிரமாவே பூட் போட்டு கொஞ்சம் கொஞ்சமா ஊன விடுறாங்க, அதுவும் சரியா ஒட்டுறது உண்டு. ஆனா அந்த முடிவை எடுக்க வேண்டியது உள்ள ஸ்க்ரூ எப்படி கவ்வுச்சுன்னு கையால உணர்ந்த சர்ஜன், ஸ்க்ரூவை கடைசி சுத்து முறுக்கும்போது எலும்பு எப்படி பிடிச்சுதுங்கிறது எக்ஸ்ரேல தெரியாது. அவர் ஆறு வாரம்னா ஆறு வாரம்தான். பாத்ரூமுக்கு வாக்கர் வெச்சுக்கோங்க, ராத்திரியில தூக்க கலக்கத்துல ஊனிடாம இருக்க கட்டில் பக்கத்துலயே யூரின் கேன் வெச்சுக்கிறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

அம்மாவுக்கு 70 வயசு, பல வருஷமா முடக்குவாதம், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறாங்க. எலும்பு மெலிஞ்சு போச்சுன்னு ரிப்போர்ட். ஸ்க்ரூ நிக்குமா? (வாசகி, நாகர்கோவில்)

நிக்க வெக்க வழி இருக்கும்மா, ஆனா கெட்டி எலும்புக்கு பண்ற மாதிரியே பண்ணினா நிக்காது. சாதா ஸ்க்ரூ எலும்பை கவ்வித்தான் நிக்கணும், மெலிஞ்ச எலும்புல மரை கவ்வ ஆளே இல்ல. லாக்கிங் பிளேட்ல ஸ்க்ரூ தலையிலயும் மரை இருக்கும், அது பிளேட்லயே பூட்டிக்கும், அதனால ஒவ்வொரு ஸ்க்ரூவும் தனித்தனியா பிடுங்கிட்டு வராது, வந்தா எல்லாம் சேர்ந்துதான் வரணும். வாஷர் போட்டு ஸ்க்ரூ தலை எலும்புக்குள்ள அமிழாம பாத்துக்கலாம். டிபியாவுக்கு பக்கத்துல வெளிப்பக்கமா இருக்கிற மெல்லிசான ஃபிபுலா எலும்பையே பக்கவாட்டு தாங்கலா வெச்சு டிபியாவோடயும் டேலஸோடயும் ஸ்க்ரூ போட்டு பிணைக்கிற முறையும் ரொம்ப நாளா இருக்கு, முறுக்குக்கு அது நல்லா உதவும், அந்த எலும்பே ஒட்டுக்கும் பயன்படும்.

இதுக்கு முன்னாடியே வைட்டமின் டி அளவு பாருங்க, குறைவா இருந்தா ஆபரேஷனுக்கு முன்னாடியே சரி பண்ணணும். முடக்குவாத மருந்துகள்ல எதை நிறுத்தணும் எதை தொடரணும்ங்கிறதை மூட்டுவாத டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு பண்ணட்டும், நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, குறிப்பா ஸ்டீராய்டை திடீர்னு நிறுத்துறது ஆபத்து.

ஒரு நாளைக்கு நாலஞ்சு சிகரெட்தான். ஆபரேஷன் உறுதியா பண்ணிட்டா அது எதுக்கு குறுக்க வரும்? (வாசகர், சென்னை)

வரும். 1994ல வந்த ஒரு ஆய்வுல, கணுக்கால் ஃப்யூஷன் பண்ணினவங்கள்ல புகைபிடிக்கிறவங்களுக்கு ஒட்டாம போற அபாயம் மத்தவங்களை விட 3.75 மடங்கு. மொத்தமா பாத்தா இப்போதைய முறைகள்ல சுமார் பத்துல ஒருத்தருக்கு ஒட்டாம போகுது, அந்த பத்துல ஒருத்தரா நீங்க நிக்க வேண்டாம். எலும்பு மெதுவா ஒட்டினா ஸ்க்ரூ அத்தனை மாசம் கூடுதலா தனியா தாங்கணும், உலோகம் திரும்பத் திரும்ப வளைஞ்சா சோர்ந்து முறியும், அதனால உங்க சிகரெட் ஸ்க்ரூவோட ஆயுளையும் சேர்த்தே குறைக்குது. நாலஞ்சும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், பீடியும் புகையிலையும் இதுல சேர்த்தி. ஆபரேஷனுக்கு சில வாரம் முன்னாடியே நிறுத்துங்க, ஒட்டிடுச்சுன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் தொடாதீங்க, அதுக்கப்புறமும் தொடாம இருந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம்.

மாமாவுக்கு சுகர், கால்ல உணர்ச்சியே இல்ல, கணுக்கால் உருக்குலைஞ்சு போச்சு. குதிகால் வழியா ராடு வெச்சு கீழ இருக்கிற மூட்டையும் சேர்த்து ஒட்ட வெப்பேன்ங்கிறார் டாக்டர். நல்லா இருக்கிற மூட்டை எதுக்கு கெடுக்கணும்? (வாசகர், புதுச்சேரி)

சார்க்கோ பாதம்னு சொல்ற நிலை அது. உணர்ச்சி இல்லாததால "ஊனாதீங்க"ன்னு நாம சொல்றதை அவர் உடம்பு அவருக்கு ஞாபகப்படுத்தாது, முறிஞ்சாலும் தெரியாது, டேலஸ் எலும்பே பாதி நொறுங்கியிருக்கும், அதுல ஸ்க்ரூ போட இடம் எங்க இருக்கு? அதனால டேலஸை தாண்டி குதிகால் எலும்பு வரைக்கும் போய் அங்கயும் பிடிமானம் எடுக்கிறாங்க. ராடு எலும்போட மையத்துல ஓடுது, வழக்கமா 10லருந்து 12 மிமீ தடிமன், வளைக்கிற விசையை தாங்குறதுல தனித்தனி ஸ்க்ரூவை விட ரொம்ப மேல. அதோட பலவீனம் முறுக்குலதான், உருளையா இருக்கிறதால அதுவா சுத்தாம நிக்காது, குறுக்க போடுற லாக்கிங் ஸ்க்ரூதான் அதை நிறுத்தணும். குதிகால்ல அந்த ஸ்க்ரூவை பக்கவாட்டுல போடுறதை விட பின்னாலருந்து முன்னால போட்டா முறுக்கை நல்லா தாங்கும்னு சோதனை இருக்கு, அந்த திசையில எலும்பு நீளமா கிடைக்கிறதால ஸ்க்ரூவுக்கு பிடிமானம் அதிகம்.

கீழ் மூட்டை ஒட்ட வெக்கிறதுல நஷ்டம் உண்டு, நான் மறைக்க மாட்டேன், மேடு பள்ளத்துல பாதம் சாய்ஞ்சு கொடுக்காது. ஆனா மாமாவுக்கு இப்போ தீர்க்க வேண்டிய பிரச்சனை புண் வந்து கிருமி ஏறி காலையே எடுக்க வேண்டிய நிலை வராம தடுக்கிறது, அதுக்கு பாதம் நேரா தரையில பதியணும். சுகரை கட்டுப்பாட்டுல வெச்சிருங்க, கால்ல ரத்த ஓட்டம் எப்படி இருக்குன்னு ஆபரேஷனுக்கு முன்னாடி கண்டிப்பா பாக்க சொல்லுங்க.

தம்பிக்கு கணுக்கால்ல சீழ் வெச்சு இருந்த ஸ்க்ரூ எல்லாம் எடுத்தாச்சு. இப்போ வெளியே வளையம் மாதிரி கம்பி போட்டிருக்காங்க. பாக்கவே பயமா இருக்கு, இது உறுதியா பிடிக்குமா? (வாசகி, திருச்சி)

பிடிக்கும்மா, தைரியமா இருங்க. கிருமி இருக்கிற இடத்துல உள்ள உலோகத்தை வெச்சா கிருமி அதுல ஒட்டிக்கிட்டு போகாது, அதனாலதான் வெளியேருந்து பிடிக்கிறாங்க.

இந்த வழியோட வரலாறு பெருசு. ஆஸ்திரியாவுல எடுவார்ட் ஆல்பர்ட்ங்கிற சர்ஜன் 1870கள் கடைசியில மூட்டை ஒட்ட வெக்கிற ஆபரேஷனை தொடங்கி வெச்சார், அப்போ பிடிச்சு வெக்க இன்னிக்கு இருக்கிற மாதிரி எதுவும் கிடையாது. 1951ல இங்கிலாந்துல ஜான் சார்ன்லி, பின்னாடி இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையால உலகப் புகழ் பெற்றவர், டிபியாவுல ஒரு கம்பி, டேலஸ்ல ஒரு கம்பி குத்தி, வெளியே கிளாம்ப் வெச்சு ரெண்டையும் நெருக்கினார். எலும்பை அழுத்தி வெச்சா நல்லா ஒட்டுதுன்னு உலகத்துக்கு ஆழமா பதிய வெச்சது அவர்தான், இன்னிக்கு நாம ஸ்க்ரூல பண்றதும் அதே அழுத்தம்தான். ஆனா அவர் கிளாம்ப் ஒரே தளத்துல பிடிக்கிறதால பாதம் முன்னும் பின்னும் ஆடுறதை முழுசா தடுக்க முடியல, கம்பி போற ஓட்டைகள்ல கிருமியும் வந்துச்சு, அதனால ஸ்க்ரூ வந்ததும் அது ஓரமா போயிடுச்சு.

தம்பிக்கு போட்டிருக்கிறது அநேகமா இலிசரோவ் முறை. சைபீரியாவுல குர்கான் ஊர்ல கவ்ரீல் இலிசரோவ் 1950கள்ல உருவாக்கினது. 1.5 அல்லது 1.8 மிமீ கம்பிதான், பாக்க மெல்லிசு, ஆனா அதை வளையத்துல இழுத்து முறுக்கா கட்டுறாங்க, 1.8 மிமீ கம்பியில 130 கிலோ வரைக்கும் இழுவை ஏத்துவாங்க, அந்த இழுவைதான் அதுக்கு பலம். கம்பிகள் ஒண்ணுக்கொண்ணு அகலமான கோணத்துல குறுக்கிட்டு நாலா பக்கமும் பிடிக்கிறதால சார்ன்லியோட பிரச்சனை இதுல இல்ல. இதுல இன்னொரு பெரிய வசதி, வாரங்கள் கழிச்சும் வெளியே நட்டை திருகி அழுத்தத்தை கூட்டலாம், உள்ள போட்ட ஸ்க்ரூல அது முடியாது. நிறைய பேரை இதோடயே ஓரளவு ஊனி நடக்கவும் விடுறாங்க. கம்பி தோல்ல நுழையிற இடத்தை சொல்லிக் கொடுத்த மாதிரி தினமும் சுத்தம் பண்ணுங்க, சிவந்து போய் தொட்டா வலிச்சா இல்ல தண்ணி கசிஞ்சா அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க. கம்பி தளர்ந்த மாதிரி இருந்தா அதையும் சொல்லணும், தளர்ந்த கம்பிதான் கிருமியை கூப்பிடும்.

ஃப்யூஷன் பண்ணி ஒன்றரை வருஷம் ஆச்சு. இப்போ எக்ஸ்ரேல ஒரு ஸ்க்ரூ ஒடைஞ்சிருக்குன்னாங்க. வலி கொஞ்சமா இருக்கு. எடுக்கணுமா? (வாசகர், கோவை)

ஒடைஞ்ச ஸ்க்ரூவை விட எலும்பு ஒட்டியிருக்காங்கிறதுதான் முதல் கேள்வி. அதை எக்ஸ்ரேல நிச்சயமா சொல்ல முடியாது, சிடி ஸ்கேன் எடுங்க, எலும்பு எவ்வளவு பங்கு குறுக்க வளர்ந்திருக்குன்னு அதுல துண்டு துண்டா தெரியும். நல்லா ஒட்டியிருந்து ஸ்க்ரூ தலை தோல்ல உறுத்தலன்னா அப்படியே விட்டுடலாம். ஒட்டலைன்னா ஸ்க்ரூ ஒடைஞ்சது மாசக்கணக்கா அங்க அசைவு இருந்துருக்குங்கிறதுக்கு சாட்சி, அப்போ திரும்ப பண்ண வேண்டி வரலாம், அதே மாதிரி ஸ்க்ரூவையே மறுபடி போட்டா பத்தாது, ஏன் ஒட்டலைன்னு தேடணும், மறைஞ்சிருக்கிற கிருமி இருக்கான்னு பாக்கணும், எலும்பு ஒட்டு வெக்கணும், பிளேட்டோ ராடோ போட்டு விறைப்பை கூட்டணும். ஒட்டியிருந்தும் வலின்னா பக்கத்து மூட்டுல தேய்மானம் ஆரம்பிச்சிருக்கான்னும் பாருங்க, கணுக்கால் அசையாததால கீழ இருக்கிற மூட்டு கூடுதலா உழைக்குது, வருஷங்கள் போகப் போக அது தேயிறது உண்டு.

ஒட்ட வெச்சதுக்கப்புறம் சம்மணம் போட்டு உக்கார முடியுமா, வண்டி ஓட்டலாமா? இல்ல செயற்கை மூட்டே வெச்சுக்கலாமா? எம்ஆர்ஐ எடுக்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

சம்மணம் பெரும்பாலானவங்களுக்கு முடியும், அது இடுப்பு முழங்கால் வேலை. குத்த வெச்சு உக்கார்றதுதான் கஷ்டம், குதிகால் தரையில பதியாது, வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட் ஏற்பாடு பண்ணிடுங்க. கியர் வண்டியில இடது கால்னா விரல் நுனியால கியரை தூக்குறது சிரமம், வலது கால்னா பின் பிரேக், கியர் இல்லாத ஸ்கூட்டர் ரொம்ப சுலபம், எப்போ ஆரம்பிக்கலாம்னு உங்க டாக்டர் சொல்லட்டும். அடிப்பக்கம் லேசா வளைஞ்ச ரோலர் மாதிரி சோல் வெச்ச ஷூ போட்டா நடை நல்லா வரும்.

செயற்கை மூட்டு பத்தி பிரிட்டன்ல 50லருந்து 85 வயசு வரைக்கும் 303 பேரை ரெண்டு குழுவா பிரிச்சு பண்ணின ஒரு ஆய்வு 2022ல வெளியாச்சு, ஒரு வருஷ முடிவுல நடக்கிறது நிக்கிறதுல ரெண்டு குழுவுமே நல்லா முன்னேறியிருந்தாங்க, ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இல்ல. கடுமையா உடல் உழைப்பு பண்றவங்க, வயசு குறைஞ்சவங்க, கோணல் அதிகமா இருக்கிறவங்க, கால்ல உணர்ச்சி இல்லாதவங்க, இவங்களுக்கு நான் இன்னும் ஃப்யூஷன்தான் சொல்லுவேன். எம்ஆர்ஐ எடுக்கலாம், இப்போ போடுற டைட்டானியமும் 316எல் ஸ்டீலும் காந்தத்துல இழுபடாது, ஆனா ஸ்க்ரூ பக்கத்துல படம் கலங்கலா வரும். ஸ்கேன் பண்றவங்ககிட்ட உள்ள உலோகம் இருக்குன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, டிஸ்சார்ஜ் சம்மரியில ஒட்டியிருக்கிற இம்பிளான்ட் ஸ்டிக்கரை செல்போன்ல படம் எடுத்து வெச்சுக்கோங்க, கேக்கும்போது காட்டலாம்.